‘அடுக்கு’ ஓடுகிறது, ‘தொகு’ மட்டும் கமாண்ட் நாட் ஃபவுண்ட்: பாத் சரியாகத்தானே இருக்கிறது?

பான்சோடான் நகல்கடை (ரங்கூன்) எழுதியது:

வணக்கம். கட்டளைகளை வாசிக்கும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். என்னுடைய ஸ்கிரிப்ட்களின் பெயர்கள் மட்டும் நிஜமாகவே தமிழ் எழுத்தில் இருக்கின்றன.

பான்சோடான் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் நகல் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன், படிவம் நிரப்பிக் கொடுப்பது. வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். தாத்தாவின் பதிவு அட்டை, கோயில் கணக்குப் புத்தகம், 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட சமயத்துக் காகிதம் என்று எதையாவது பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து, “எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் குடுங்க” என்பார்கள். முன்பு விண்டோஸ்தான் வைத்திருந்தேன். வருகிறவர்களின் பென்டிரைவில் வைரஸ் குடும்பத்தோடு வந்து இறங்கும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் உபுண்டு லினக்ஸ் 22.04.

அக்கா மகன் எனக்காக மூன்று ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். அவனுடைய பழைய மேக்கில் எழுதி, டார் கோப்பாகக் கட்டி அனுப்பினான். பெயர்கள் தமிழில் வேண்டும் என்று கேட்டது நான். கடைப் பையன் கோயில் வகுப்பில் தமிழ் படித்தவன், ஆங்கிலச் சுருக்கெழுத்து எதுவும் அவன் மண்டையில் நிற்காது. என் மண்டையிலும்தான்.

அடுக்கு: அன்றைய ஸ்கேன்களை வாடிக்கையாளர் பெயர்வாரியாக ஃபோல்டரில் போடும்.
பிரி: ஒரு பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும்.
தொகு: படங்களை வரிசைப்படி ஒரே பிடிஎஃப் ஆக்கும்.

மூன்றும் ~/பின் ஃபோல்டரில்தான் இருக்கின்றன (~ என்ற அலைக்குறி என் வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும்). அடுக்கு ஓடுகிறது, பிரி ஓடுகிறது. தொகு என்று தட்டினால்:

தொகு: கமாண்ட் நாட் ஃபவுண்ட்

பாத்தைப் பார்த்தேன், அதாவது தட்டிய கட்டளையை ஷெல் எந்தெந்த ஃபோல்டரில் தேடும் என்ற பட்டியலை:

எக்கோ $பாத்
/ஹோம்/கடை/பின்:/ஹோம்/கடை/.லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்

எல்எஸ் -எல் போட்டால் மூன்றுக்கும் ஒரே அனுமதி, மூன்றுக்கும் ஓடும் உரிமை இருக்கிறது. சரி, முழு முகவரியாகவே கொடுப்போம் என்று ~/பின்/தொகு என்று தட்டினால், ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. அந்தக் கோப்பு என் கண் முன்னால் பட்டியலில் இருக்கிறது!

இன்னும் வேடிக்கை. ‘த’ என்று மட்டும் தட்டி டாப் விசையை அழுத்தினால் ‘தொகு’ என்று தானே நிரப்பிக்கொள்கிறது, என்டர் தட்டினால் ஓடவும் செய்கிறது. ‘தொ’ வரைக்கும் தட்டிவிட்டு டாப் அழுத்தினால் பீப் சத்தம்தான். அடுக்கு ஸ்கிரிப்டின் கடைசி வரி தொகுவைக் கூப்பிடும், அங்கேயும் இதே ‘நாட் ஃபவுண்ட்’. அக்கா மகனிடம் கேட்டால் “என் மேக்ல ஓடுதே மாமா” என்கிறான்.

கரண்ட் எப்போது வரும் போகும் என்று சொல்ல முடியாது, பதில் போடத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


பெகு தம்பி எழுதியது:

அண்ணே, வணக்கம். அடுக்கும் பிரியும் அதே ஃபோல்டரிலிருந்து ஓடுவதால் பாத்தில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் வழக்கமாகக் காலை வாரும் விஷயங்களை ஒரு முறை பார்த்துவிடலாம்.

உபுண்டுவில் ~/.ப்ரொஃபைல் கோப்பில் ‘~/பின் என்ற ஃபோல்டர் இருந்தால் பாத்தில் சேர்’ என்று ஒரு சிறிய பகுதி உண்டு. அது லாகின் ஆகும்போது மட்டும்தான் படிக்கப்படும். ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கியிருந்தால் ஒரு முறை வெளியேறி உள்ளே வரவேண்டும். உங்கள் எக்கோவில் அது வந்துவிட்டது, எனவே இது இல்லை.

பாத்தில் யாராவது கையால் "~/பின்" என்று மேற்கோளுக்குள் போட்டிருந்தால் அந்த அலைக்குறி விரியாது, அப்படியே எழுத்தாகக் கிடக்கும். டெர்மினலில் நீங்கள் தட்டும் ஷெல்லான பாஷ் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், ஆனால் டாஷ் என்ற இன்னொரு ஷெல் சமாளிக்காது. உபுண்டுவில் /பின்/எஸ்ஹெச் என்பது டாஷ்தான். அப்போது டெர்மினலில் ஓடும், வேறிடத்திலிருந்து அழைத்தால் ஓடாது. உங்களுடையது /ஹோம்/கடை/பின் என்று விரிந்தே இருக்கிறது, இதுவும் இல்லை.

பாஷ் ஒரு கட்டளையை ஒரு முறை எங்கே கண்டதோ அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் பழைய இடத்துக்கே போய்க் கதவைத் தட்டும். ஹாஷ் -ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.

விண்டோஸ் நோட்பேடில் திறந்து சேமித்தீர்களா? அப்படியானால் வரி முடிவில் கூடுதலாக ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு முதல் வரியில் இருக்கும் பாஷின் முகவரியே கெட்டுவிடும். அப்போதும் கோப்பு இருக்கும்போதே ‘நோ சச் ஃபைல்’ என்று சொல்லும், கூடவே ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்றும் சொல்லும். உங்களுக்கு அப்படி வந்ததா?

அப்புறம் விச் வேண்டாம், டைப் -ஏ போடுங்கள். விச் பாத்தை மட்டும் பார்க்கும். டைப் என்பது ஷெல்லின் சொந்தக் கட்டளை என்பதால் ஏலியஸ், ஃபங்ஷன், உள்கட்டளை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்.


பான்சோடான் நகல்கடை எழுதியது:

தம்பி, நன்றி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டைப் -ஏ அடுக்கு
அடுக்கு ஈஸ் /ஹோம்/கடை/பின்/அடுக்கு

டைப் -ஏ தொகு
பாஷ்: டைப்: தொகு: நாட் ஃபவுண்ட்

ஹாஷ் -ஆர் கொடுத்தும் மாற்றம் இல்லை. ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ எங்கேயும் வரவில்லை. விண்டோஸ் இந்தக் கோப்புகளைத் தொட்டதே இல்லை. ‘த’ போட்டு டாப் அழுத்தி, அதை டிகே என்ற ஆங்கிலப் பெயரில் நகல் எடுத்தேன். டிகே அருமையாக ஓடுகிறது. ஆக, உள்ளே எழுதியிருப்பதில் தவறில்லை.

கடைப் பையன் “டிகேன்னே இருக்கட்டும் முதலாளி, வேலை ஆகுதுல்ல” என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கோப்பை இல்லை என்று ஒரு கணினி சாதித்தால், நாளைக்கு வாடிக்கையாளரின் கோப்பையும் இல்லை என்று சொல்லுமே?


மோல்மேன் வாத்தியார் எழுதியது:

பாத்தை விட்டுவிடுங்கள். இரண்டே கட்டளை, ~/பின் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

எல்எஸ் | கிரெப் ^த | ஓடி -ஏஎன் -சி
பிரின்ட்எஃப் தொகு | ஓடி -ஏஎன் -சி

இதில் ‘ஓடி’ என்பது பெயரின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் கட்டளை. இரண்டாவதில் ‘தொகு’ என்பதை உங்கள் விசைப்பலகையிலேயே தட்ட வேண்டும். டாப் கூடாது. இந்தப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டவும் கூடாது, நான் தட்டிய ‘தொகு’ எந்த ஜாதி என்று உங்களுக்குத் தெரியாது. வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

இன்னொன்று. தொகு தவிர, ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய எழுத்து உள்ள கோப்புப் பெயர் வேறு ஏதாவது தகராறு செய்கிறதா?


பான்சோடான் நகல்கடை எழுதியது:

ஐயா, எண்களாக வருகிறது. முதல் கட்டளைக்கு:

340 256 244 340 257 206 340 256 276 340 256 225 340 257 201 \என்

இரண்டாவதற்கு:

340 256 244 340 257 212 340 256 225 340 257 201

இரண்டும் ஒரே ‘தொகு’தானே? முதலாவது நீளமாக இருக்கிறது. கடைசி \என் என்பது வரி முடிவு என்று பையன் சொல்கிறான், அதைத் தள்ளினாலும் முதலாவதில் 15 எண், இரண்டாவதில் 12.

ஓகாரம் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது, இதை அப்புறம் தனியாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஸ்கேன் ஃபோல்டருக்குள் ‘கோயில் கணக்கு’ என்று இரண்டு ஃபோல்டர் இருக்கின்றன. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாது என்று அக்கா மகன் அடித்துச் சொல்கிறான், நான் படம் பிடித்து அனுப்பியும் நம்பவில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயந்து புது டிஸ்க் விலைகூட விசாரித்துவிட்டேன்.


மோல்மேன் வாத்தியார் எழுதியது:

டிஸ்க் வாங்காதீர்கள். உங்கள் டிஸ்க்கும் பாத்தும் நன்றாக இருக்கின்றன.

அந்த எண்கள் எட்டடிமான எண்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், எனவே மும்மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். நீங்கள் தட்டியது:

340 256 244 என்பது த
340 257 212 என்பது ஒகரக் குறி, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி
340 256 225 என்பது க
340 257 201 என்பது உகரக் குறி

டிஸ்க்கில் இருக்கும் கோப்பின் பெயரிலும் முதலில் அதே த, முடிவில் அதே கு. நடுவில்தான் வேறுபாடு:

340 257 206 என்பது ஒற்றைக் கொம்பு மட்டும்
340 256 276 என்பது கால் மட்டும்

ஒன்றில் ‘தொ’வின் கொம்பும் காலும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன, மற்றதில் தனித்தனியே வந்து இரண்டு பக்கமும் நிற்கின்றன. திரையில் எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும். யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமைக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது. கோப்புப் பெயர் என்பது அதற்கு வெறும் பைட் வரிசை. சாய்கோட்டையும் சுழியன் பைட்டையும் தவிர எது வேண்டுமானாலும் பெயராகலாம், ஒரு பைட் மாறினாலும் வேறு கோப்பு. ஷெல் பாத்தில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் ‘இந்த 12 பைட் பெயரில் யாராவது உண்டா’ என்று கேட்கிறது. அங்கே இருப்பது 15 பைட் ஆள். இல்லை என்ற பதில் நேர்மையான பதில்தான்.

உங்கள் டாப் விசை விளையாட்டும் இதனால்தான். ‘த’ இரண்டு வரிசைக்கும் பொது, அது வரைக்கும் பொருந்துகிறது, மீதியை டிஸ்க்கில் இருப்பதிலிருந்தே ஷெல் எடுத்து நிரப்புகிறது. ‘தொ’ வரைக்கும் நீங்களே தட்டிவிட்டால் ஆறாவது பைட்டில் பாதை பிரிந்துவிட்டது. அடுக்கு, பிரி இரண்டிலும் இரட்டைப் பக்க உயிர்க்குறி இல்லை, அதனால் அவை தப்பித்தன.

இது எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் அக்கா மகனின் பழைய மேக்கிலிருந்து. 1998இல் வந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். கேட்கிறவர் சேர்த்துக் கேட்டாலும் பிரித்துப் பார்த்துத் தேடித் தந்துவிடும். அதனால் அவனுக்கு ஓடுகிறது, அவன் பொய் சொல்லவில்லை. 2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. பழைய மேக்கில் டார் கட்டினால் பிரிந்த பெயர்தான் உள்ளே போகும், உங்கள் உபுண்டு அதை ஒரு பைட் குறையாமல் இறக்கிவைத்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, மேக் பிரித்தது கோப்பின் பெயரை மட்டும்தான், உள்ளடக்கத்தைத் தொடாது. அடுக்கு ஸ்கிரிப்டின் கடைசி வரியில் உள்ள ‘தொகு’ அவன் தட்டியபடி சேர்ந்தே இருக்கிறது, கோப்பின் பெயர் பிரிந்து கிடக்கிறது. ஒரே ஆள் ஒரே நாளில் எழுதிய இரண்டு ‘தொகு’ ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமல் போனது இப்படித்தான்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பர்மிய எழுத்தில் ஜோஜி எழுத்துருவோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டினோம்? 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறச் சொன்னார்கள், அதற்கு முந்திய கோப்புகள் இன்னும் கடைக்கு வருமே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, தேடினால் கிடைக்காது. ஆனால் ஜோஜி யூனிகோடின் இடங்களைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது, அதனால் அது தவறு. இங்கே இரண்டு வடிவமும் சட்டப்படி சரி, அதுதான் தலைவலி.

வைத்தியம்:

எம்வி ~/பின்/த* ~/பின்/தொகு

நட்சத்திரக்குறி பழைய பெயரைப் பிடித்துக்கொள்ளும், புதிய பெயரை உங்கள் விசைப்பலகையில் தட்டுங்கள். ‘த’வில் தொடங்கும் கோப்பு அங்கே ஒன்றே ஒன்று என்றால் இது போதும்.

போகிற போக்கில் ஒன்று. கட்டளைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், பாஷ் ஒன்றும் சொல்லாது. மாறிக்கு (வேரியபிளுக்கு) முடியாது. தேதி=5 என்று எழுதினால் அதையே ஒரு கட்டளை என்று நினைத்து, மறுபடியும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று அலறும். பையன் உற்சாகத்தில் ஆரம்பித்துவிடப் போகிறான்.


பான்சோடான் நகல்கடை எழுதியது:

ஐயா! ஓடிவிட்டது. தட்டினேன், ஓடியது. அடுக்கின் கடைசி வரியும் இப்போது தொகுவைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு ‘கோயில் கணக்கு’ ஃபோல்டர்களையும் ஓடி கட்டளையில் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே ஒன்றில் ‘கோ’ சேர்ந்திருக்கிறது, மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் பிரிந்திருக்கின்றன. போன வருஷம் அக்கா மகன் தன் மேக்கில் சரிசெய்து அனுப்பிய பக்கங்கள் எல்லாம் பிரிந்த ஃபோல்டரில் இருக்கின்றன. கமிட்டிக்காரர் வந்து “நாற்பது பக்கம் குடுத்தேன், பதினெட்டுதான் இருக்கு” என்று என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போனது இதனால்தான் போலிருக்கிறது. அவருக்கு இந்தக் கொம்பு, கால் கதையைச் சொன்னால் என்ன நினைப்பாரோ.

இதோடு நிறுத்தியிருக்கலாம், இரண்டு கேள்வி மிச்சம்.

ஒன்று. அடுக்கைத் தினமும் சாயங்காலம் 7 மணிக்குத் தானாக ஓடவைக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேபில் ‘0 19 * * * அடுக்கு’ என்று போட்டேன். டெர்மினலில் ஓடுவது அங்கே ஓடவில்லை. இதுவும் கொம்பா?

இரண்டு. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் ஃபோல்டர்களிலும் இதே இரட்டைப் பிரச்சினை. அதில் கொம்பே இல்லையே?


சிரியம் அக்கா எழுதியது:

கிரான் கேள்விக்கு நான் சொல்கிறேன், வாத்தியார் ஸ்ரீயைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இது கொம்பு இல்லை. இங்கேதான் நிஜமாகவே பாத். கிரான் உங்கள் ~/.ப்ரொஃபைலையோ ~/.பாஷ்ஆர்சியையோ படிக்காது. அதற்குத் தெரிந்த பாத் /யூஎஸ்ஆர்/பின்:/பின் மட்டும். அது ஓட்டுவதும் பாஷ் இல்லை, /பின்/எஸ்ஹெச். உங்கள் ~/பின் ஃபோல்டரில் அது தேடவே தேடாது. எனவே முழு முகவரி:

0 19 * * * /ஹோம்/கடை/பின்/அடுக்கு

இது பாதி வேலைதான். அடுக்கின் உள்ளே தொகுவைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுகிறீர்கள், அதுவும் கிடைக்காது. ஸ்கிரிப்டின் மேலேயே

எக்ஸ்போர்ட் பாத்=/ஹோம்/கடை/பின்:/ஹோம்/கடை/.லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்

என்று எழுதிவிடுங்கள். .லோக்கல்/பின் ஏன் என்றால், படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் கருவியைப் பிப் (பைத்தான் நிரல்களை நிறுவும் கருவி) வழியாக நிறுவியிருந்தால் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கிரான்டேபின் மேல்பகுதியிலும் பாத் எழுதலாம். ஆனால் அங்கே ‘$பாத்’ என்று போட்டுப் பழையதோடு சேர்க்க முடியாது, விரியாமல் எழுத்தாகவே நிற்கும். இதில் வீழ்ந்த சீனியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் பெரிய விஷயம் கரண்ட். 7 மணிக்கு மின்சாரம் இல்லாமல் இயந்திரம் அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை மறந்தேவிடும், கரண்ட் வந்த பிறகு ஓட்டாது. நம் ஊருக்கு, உபுண்டுவின் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர்தான் சரி. ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் இரண்டு சின்னக் கோப்பு. சர்வீஸ் கோப்பில்:

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
எக்ஸெக்ஸ்டார்ட்=%ஹெச்/பின்/அடுக்கு

டைமர் கோப்பில்:

[டைமர்]
ஆன்காலண்டர்=*-*-* 19:00
பெர்சிஸ்டென்ட்=ட்ரூ

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட்

அந்த பெர்சிஸ்டென்ட் வரிதான் உயிர். 7 மணியைத் தவறவிட்டால் அடுத்த முறை நீங்கள் லாகின் ஆனதும் ஓட்டிவிடும். %ஹெச் என்பது உங்கள் வீட்டு ஃபோல்டர், இங்கே அலைக்குறி செல்லாது. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ்’ என்று போட்டு டைமரின் பெயரைக் கொடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள் அண்ணே. உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் சிஸ்டம்டி யூனிட் பெயர்களில் ஆஸ்கி எழுத்துகளை மட்டும்தான் ஏற்கும். உள்ளே எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் தமிழ் இருக்கலாம், அது பாதகமில்லை.

கிரான்டேபில் இருக்கும் பழைய வரியை அழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கரண்ட் இருக்கும் நாளில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள்.


மோல்மேன் வாத்தியார் எழுதியது:

அக்கா சொன்னதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. ஸ்ரீக்கு வருவோம்.

இது வேறு வியாதி. ஸ்ரீயை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடில் 2005இல் சேர்த்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடும். யூனிகோடின் இன்றைய பரிந்துரை ஶ, பழைய விசைப்பலகைகள் தருவது ஸ. ஓடி கட்டளையில் பார்த்தால் முதல் மூன்று பைட்டிலேயே தெரியும்: 340 256 270 என்றால் ஸ, 340 256 266 என்றால் ஶ. தொகு விஷயத்தில் இரண்டு வடிவமும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, எனவே கருவி கொண்டு மாற்றலாம். இங்கே அப்படிச் சொல்லவில்லை, இவை இரண்டு வேறு எழுத்துகள். எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவெடுக்காது. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீங்களே மாற்ற வேண்டும். கடையில் எல்லாரும் ஒரே விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

கொம்பு, கால் பெயர்களுக்கு கான்வ்எம்வி என்று ஒரு கருவி, உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்டில் கிடைக்கும். ஸ்கேன் ஃபோல்டருக்குள் போய்:

கான்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி .

இப்படிப் போட்டால் எதையெல்லாம் மாற்றும் என்று காட்டும், மாற்றாது. பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு, சரி என்றால் கூடவே --நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், விலை விசாரித்தது வீண் போகாது. சேர்ந்த பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்தால் அதன் மேல் எழுதாமல் விட்டுவிடும். அந்த இடங்களில் மட்டும் கையால் சேர்க்க வேண்டும்.


பான்சோடான் நகல்கடை எழுதியது:

அக்கா, டைமர் ஓடுகிறது. நேற்று 7 மணிக்குக் கரண்ட் இல்லை, இன்று காலை கடை திறந்து லாகின் ஆனதும் அடுக்கு தானாகவே ஓடி முடித்திருந்தது. கிரான்டேப் வரியை அழித்துவிட்டேன்.

ஐயா, கான்வ்எம்வி காட்டிய பட்டியல் முழம் நீளம். ‘சோமவாரம் நன்கொடை’, ‘பொங்கல் கணக்கு’, ‘போட்டோ’ என்று ஓகாரமும் ஒகரமும் உள்ளவை எல்லாம் வரிசையாக வந்தன. நகல் எடுத்துவிட்டு --நோடெஸ்ட் போட்டு ஓட்டினேன். ‘கோயில் கணக்கு’ ஏற்கெனவே இருக்கிறது என்று அதை மட்டும் விட்டுவைத்தது. இரண்டையும் திறந்து பக்க எண் பார்த்துக் கையால் ஒன்றாக்கினேன், பிரிந்த ஃபோல்டரிலிருந்து 22 பக்கம் வந்து சேர்ந்தது. நாற்பதும் இருக்கிறது. தொகு போட்டு ஒரே பிடிஎஃப் ஆக்கி கமிட்டிக்காரருக்கு வைபரில் அனுப்பிவிட்டேன்.

ஸ்ரீயை ‘ஸ’விலேயே வைத்துக்கொள்வதாக முடிவு, பையனின் விசைப்பலகை அதைத்தான் தருகிறது. டிகே என்ற நகலை அழித்தாயிற்று.